முனை பொருத்திய பைபர் கேபிள் வாங்குவோர் கவனத்திற்கு

கடற்கரை ஊரான மண்டபத்தில் எங்கள் ஐஸ் பிளான்ட் அலுவலகத்திலிருந்து கரையோரக் கிடங்கு வரை, ஏறத்தாழ 300 மீட்டருக்கு, கேமரா இணைப்புக்காகப் பைபர் கேபிள் (கண்ணாடி இழை வழியே ஒளியாகத் தகவலைக் கடத்தும் கேபிள்) போட்டோம். தொழிற்சாலையிலேயே இரு முனையிலும் கனெக்டர் (செருகும் இணைப்பு முனை) பொருத்திச் சோதித்த வெளிப்புற ஆர்மர்டு (எஃகுக் கவசமிட்ட) கேபிள் என்று ரசீதில் எழுதிக்கொடுத்துப் பணம் வாங்கிய கடைக்காரர், வேறு சரக்கைத் தலையில் கட்டிவிட்டார். இந்தக் கடற்கரையில் லாட்ஜுக்கும் இறால் பண்ணைக்கும் இதே வேலையைச் செய்யவிருப்பவர்கள் ஏமாறக் கூடாது என்றே எழுதுகிறேன்.

இத்தகைய கேபிளின் பயனே, வேலை நடக்கும் இடத்தில் முனைகளைத் தொட வேண்டியதில்லை என்பதுதான். வந்த கேபிளிலோ கனெக்டர்களை மூடிப் பாதுகாத்து இழுப்பதற்கான உறையே இல்லை. கேபிளை இழுத்த குழாயின் வளைவில் முனை சிக்கியதும், கடையிலிருந்து வந்த பணியாளர் அதை வெட்டிவிட்டு, கையால் மாட்டும் நீல நிறக் கனெக்டர் ஒன்றைப் பொருத்தி, சுவர்ப்பெட்டியில் இருந்த பச்சை அடாப்டரில் (கனெக்டரைச் செருகும் துளையில்) செருகினார். பச்சை வகையில் இழையின் முகம் 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீலத்தில் அந்தச் சாய்வு கிடையாது. இரண்டையும் சேர்த்தால் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும்.

மழைக்காலம் தொடங்கியதும் படம் விட்டு விட்டு வந்தது. வேறொருவரை அழைத்து, ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஒளி இழப்பு 9 டெசிபல். 300 மீட்டருக்குச் சிங்கிள் மோட் (ஒற்றைப் பாதையில் ஒளி செல்லும்) இழையில் 0.1 டெசிபல் அளவே இழப்பு ஏற்படும். இரு முனைக் கனெக்டர்களுக்கும் தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் மொத்தம் 2 டெசிபலைத் தாண்டக் கூடாது. கனெக்டரைக் கழற்றினால் அதன் கழுத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மேலுறையை உரித்தால் எஃகுக் கவசமே இல்லை. மஞ்சள் நூல் மட்டும் இருந்தது.

பணம் கொடுக்கும் முன், ஒவ்வோர் இழைக்குமான இழப்பைக் காட்டும் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதன் வரிசை எண் கேபிளில் ஒட்டிய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மேலுறையில் இழை வகையும் மீட்டர் கணக்கில் நீளமும் அச்சாகியிருக்க வேண்டும். குழாயின் உள்விட்டத்தைக் கேபிளின் தடிமனோடு அல்ல, இழுப்பு உறையின் தடிமனோடு ஒப்பிடுங்கள். இழுக்கும்போது வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தின் 20 மடங்குக்குக் குறையக் கூடாது. முனையை வெட்ட வேண்டும் என்று பணியாளர் சொன்னால், அங்கேயே வேலையை நிறுத்திவிடுங்கள்.

உப்புக்காற்றுக்குத் தாம் பொறுப்பில்லை என்கிறார் கடைக்காரர். வெளிப்புறக் கேபிள் என்று மண்டபத்துக்கு விற்றவர் இப்படிச் சொல்வது நியாயமே அல்ல. ரசீதும், வெட்டிய முனையும், பவர் மீட்டர் காட்டிய அளவின் படமும் என்னிடம் உள்ளன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்; அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்கிறேன்.