ஸ்டிக்கரை நம்பி 1,540 ரூபா போச்சு, கிராஃபிக் எல்சிடி வாங்குறவங்க உஷார்

இன்னும் கோவம் ஆறல, அதான் ராத்திரியோட ராத்திரியா டைப் பண்றேன். வீட்டுல ஒரு பழைய பென்டியம் 4 கிடக்கு, பின்னாடி பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் சொருகுற சாக்கெட்) இருக்கு, அதுல 128×64 புள்ளி எல்சிடி திரை ஒண்ணு மாட்டி சிபியு சூடு, மணியெல்லாம் காட்டலாம்னு ஆசை. ரிச்சி ஸ்ட்ரீட்ல சந்துக்குள்ள ஒரு காம்போனென்ட் கடை. "அண்ணே, கேஎஸ்0108 கன்ட்ரோலர்தான் வேணும்"னு ரெண்டு தடவ சொன்னேன். கன்ட்ரோலர்னா திரையில புள்ளிய வரவைக்கிற சிப், அது மாறினா புரோகிராமும் மாறணும். அவரு டிஸ்பிளேவ திருப்பி பின்னாடி ஸ்டிக்கரை காட்டினாரு, அதுல கேஎஸ்0108னே இருந்துச்சு. "காலேஜ் பசங்க எல்லாம் இதத்தான் தம்பி வாங்குறாங்க"ன்னு டீ வேற சொன்னாரு. அந்த டீலதான் விழுந்தேன். 890 ரூபா. பில் கேட்டா துண்டுச் சீட்டுல "எல்சிடி 890", அவ்ளோதான்.

ரெண்டு ராத்திரி சால்டரிங். டேட்டா எட்டும் போர்ட்டோட 2லேர்ந்து 9 வரைக்கும், போர்ட்டோட கன்ட்ரோல் பின் நாலு, 1, 14, 16, 17ல டிஸ்பிளேவுக்கு கட்டளை போற ஈ, ஆர்எஸ், சிஎஸ்1, சிஎஸ்2, ரீடு/ரைட்ட கிரவுண்ட்ல கட்டியாச்சு, 1, 14, 17 மூணும் தலைகீழா (1 அனுப்பினா 0னு) வரும்னு புரோகிராம்லயும் மாத்தியாச்சு. பேக்லைட் எரியுது. ஒரு புள்ளி வரல.

போன் பண்ணா "உங்க போர்ட் செத்துருக்கும் தம்பி, யூஎஸ்பி டு பேரலல் கேபிள் போட்டுப் பாருங்க"ங்குறாரு. நேர்ல போய் 378 அட்ரஸ் (என் புரோகிராம் போர்ட்ட தேடிப் போற முகவரி) வருமான்னு கேட்டேன், "எல்லாம் வரும்". இன்னொரு 650. சொருகினா பிரிண்டர்னு மட்டும் காட்டுது, அட்ரஸாவது ஒண்ணாவது. போர்ட்ல எல்இடி மாட்டிப் பாத்தா எட்டு டேட்டா பின்னும் ஜம்முனு எரியுது. இத மொதல்லயே செஞ்சிருக்கணும், என் புத்திய சொல்லணும்.

அப்பதான் சந்தேகம் வந்து நகத்தால ஸ்டிக்கரை சுரண்டினேன். அடியில டிஸ்பிளேவோட 15வது பின்னுக்கு நேரா "பிஎஸ்பி"ன்னு அச்சு, அது கேஎஸ்0108ல இல்லாத பின். கேஎஸ்0108ல திரை ரெண்டு பாதி, பாதிக்கு ஒரு சிப், அதனால எந்தப் பாதின்னு சொல்ல சிஎஸ்1, சிஎஸ்2ன்னு ரெண்டு பின் இருக்கணும். இது எஸ்டி7920, வேற கன்ட்ரோலர்! எழுத்த மறைக்கத்தான் ஸ்டிக்கரே. வேற புரோகிராம் எழுதினா அதுவும் ஓடும்தான், ஆனா நான் கேட்டது அதுவா?

எடுத்துட்டுப் போனா "128×64னா எல்லாம் ஒண்ணுதான் தம்பி". அப்புறம் "சால்டர் வெச்சுட்டீங்களே, எப்படி எடுக்கறது". கேபிளாவது எடுத்துக்கங்கன்னா "ஓனர் ஊர்ல இல்ல, திங்கக்கிழமை வாங்க". திங்கக்கிழமை போனா அதே ஆளு "எந்த ஓனர்?"ங்குறாரு. 1,540 ரூபா சார், 1,540!

வாங்கறப்ப என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. ஸ்டிக்கரை விட்டுட்டு போர்டுல அச்சடிச்ச பின் பேர படிங்க. கன்ட்ரோலர் பேரோட பில் வாங்குங்க. யூஎஸ்பி பிரிண்டர் கேபிள் இதுக்கு ஆகவே ஆகாது. ஒயரிங் படம் அப்புறமா போடுறேன்.

இப்பக்கூட போன் அடிச்சுப் பாத்தேன். கட் பண்றாரு.