சாவ்ரி பஜாரில் சிப்புகளுக்கு லேபிள் ஒட்டக் கொடுத்து நான் ஏமாந்த கதை

தில்லியில் போக்கர் சிப்புகளுக்கு (சீட்டாட்டத்தில் புள்ளிக்கு வைக்கும் வட்ட வில்லைகளுக்கு) லேபிள் அச்சடித்து ஒட்டியும் தருகிறோம் என்று எவராவது சொன்னால், அச்சடிப்பதை மட்டும் கொடுங்கள். ஒட்டும் வேலையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 4,800 ரூபாய் கொடுத்து இதைத் தெரிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு இந்தத் தையில் எழுபது நிறைகிறது. ரம்மி என்றால் சோற்றை மறப்பவர். காசு வைத்து ஆடமாட்டார், புள்ளிக் கணக்குதான். மயூர் விகாரில் எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கு மறுநாள் கூடும் சீட்டுக் கச்சேரியில் இத்தனை வருடமும் புளியங்கொட்டைதான் புள்ளி. தோற்றவர் காப்பிப் பாத்திரங்களைக் கழுவ வேண்டும். இந்த முறை அவர் பெயரும் கும்பகோணத்து வீட்டுத் திண்ணையின் படமும் போட்ட சிப்புகளைக் கொடுத்து அசத்தலாம் என்று நினைத்தேன். 300 வெற்றுச் சிப்புகள் அடங்கிய பெட்டியை இணையத்தில் வாங்கினேன். சிப்பின் அகலம் 39 மில்லிமீட்டர், எடை 11.5 கிராம், இரண்டு முகத்திலும் லேபிள் உட்கார 25 மில்லிமீட்டரில் ஒரு வட்டக் குழி.

அந்த மூன்றரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு, ராஜீவ் சவுக்கில் மெட்ரோ மாறி, சாவ்ரி பஜார் போய்ச் சேர்ந்தேன். சிப்புகளுக்குள் இரும்பு வில்லை இருக்கிறது. எக்ஸ்ரே திரையில் அது என்னவாகத் தெரிந்ததோ, பாதுகாப்புப் படைக்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒன்றை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்த பிறகே விட்டார். அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும் என்கிறார் அம்மா.

கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் பேர்போன கடைவீதி அது. ஒரு சந்தில், மாடியில் இருந்த கடை. முதலாளி தேநீர் எல்லாம் வரவழைத்தார். “பெஹன்ஜி, பத்திரிகையில் தங்கத்தாள் ஒட்டுகிற கை இது. இதெல்லாம் ஒரு வேலையா?” என்று சொல்லி, எதிரிலேயே ஒரு லேபிளை வெட்டி ஒரு சிப்பில் ஒட்டிக் காட்டினார். வினைல் என்ற பிளாஸ்டிக் தாள், மேலே பளபளப்பில்லாத லேமினேஷன், குழியில் அச்சு அசலாக உட்கார்ந்தது. அந்த ஒரு சிப்பை நான் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

“ஒரு பீஸுக்கு அச்சு ஆறு ரூபாய், ஒட்டுக்கூலி இரண்டு” என்றார். பீஸ் என்றால் சிப் என்று நான் எடுத்துக்கொண்டேன். 2,400 ரூபாய் என்று மனக்கணக்கு போட்டு 1,500 முன்பணம் கொடுத்தேன். அவர் அகராதியில் பீஸ் என்றால் லேபிள். சிப்புக்கு இரண்டு முகம், ஆகவே 600 பீஸ். வாங்கப் போன அன்றுதான் இது தெரிந்தது. சிப்புகள் அவர் மேசையில், விழாவுக்குப் பத்து நாள், பாக்கி 3,300. கொடுத்தேன். பில் கேட்டதற்கு, கணினி பழுது என்றார்.

இனிமேல்தான் முக்கியமான இடம். இந்தப் பெட்டிகளில் சிப்புகள் படுத்திருக்காது, வரிசையாக நின்றிருக்கும். மேலிருந்து பார்த்தால் விளிம்புகள் மட்டும்தான் தெரியும், ஒரு முகமும் தெரியாது. முதலாளி ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சிப்பை உருவி உருவிக் காட்டினார். எல்லாம் அழகு. வீட்டுக்கு வந்து நடுவிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டால், திண்ணை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அப்பாவின் பெயர் மலை ஏறுகிறது, சிலவற்றில் கொப்புளம், சிலவற்றில் பசையோடு தலைமுடி.

கோணலைக்கூடப் பொறுத்திருப்பேன். ஈரவிரலால் ஒன்றைத் தேய்த்தேன். மை கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. ஓரத்தைக் கிழித்தால் வெள்ளை நார் தெரிந்தது. வினைல் இப்படிக் கிழியாது, ரப்பர் போல இழுபடும். ஆக, மாதிரி வினைலில், சரக்கு சாதாரண ஸ்டிக்கர் தாளில், லேமினேஷனே இல்லாமல். இரண்டு மணி நேரம் சீட்டாடும் கை வியர்வைக்கு அது தாங்காது.

அளவும் தவறு. 25 மில்லிமீட்டர் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பியிருந்தேன். அவர்கள் கையிலிருந்த ஒரு அங்குல வெட்டு அச்சால் வெட்டித் தள்ளிவிட்டார்கள். ஒரு அங்குலம் 25.4. “புள்ளி நாலுதானே” என்று தொலைபேசியில் சிரித்தார். அந்தப் புள்ளி நாலு போய் குழியின் கரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சிப்புகளை அடுக்கிக் கலைக்கும்போதெல்லாம் பக்கத்துச் சிப் அந்த ஓரத்தைச் சுரண்டும். ஒரே மாலையில் உரிந்துவிடும். போதாததற்கு ஜனவரிக் குளிரில் ஒட்டியிருக்கிறார்கள். இந்த வகைப் பசைகளில் பெரும்பாலானவை பத்து டிகிரிக்குக் கீழே விறைத்துவிடும், பிடிக்காது. புதுச் சிப்பின் மேல் அச்சுவார்ப்பின் எண்ணெய்ப் பிசுக்கு வேறு, துடைத்ததாகவே தெரியவில்லை.

“கைவேலை என்றால் இவ்வளவு இருக்கத்தான் செய்யும், பெஹன்ஜி” என்பது அவரது இறுதித் தீர்ப்பு. கடையில் சரியாக இருந்தது ஒன்றே ஒன்று, தமிழ் எழுத்து. அதுவும் நான் எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத படமாக, மாற்றி அனுப்பியதால்தான். இல்லாவிட்டால் கும்பகோணத்தின் கொம்பு எங்காவது தனியாகக் கிடந்திருக்கும்.

பிறகு நானே உட்கார்ந்தேன். வேறொரு அச்சகத்தில் லேமினேஷன் போட்ட வினைலில், 24.5 மில்லிமீட்டரில் வெட்டி வாங்கினேன். அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓரம் கரையில் ஏறாது. பழைய லேபிள்களை முடி உலர்த்தியால் சூடு காட்டி உரித்தேன். மிச்சப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தேன். அவசரத்துக்குத் தின்னரைத் தொட்டுவிடாதீர்கள், பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

ஒட்டும்போது லேபிளை விரலால் பிடிக்கவே கூடாது. விரல் எண்ணெய் பசையில் பட்டால் அந்த இடம் பிடிக்காது. பேனாக்கத்தி நுனியில் ஓரத்தை மட்டும் லேசாகத் தொற்றவைத்து, சிப்பின் விளிம்பில் உள்ள வண்ணப் பட்டை ஒன்றை மணி பன்னிரண்டாக வைத்துக்கொண்டு, பெயரின் நடுவெழுத்தை அதற்கு நேராகக் கொண்டுவர வேண்டும். தலையைச் சிப்புக்கு நேர் மேலே வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நேராகத் தெரிவது உண்மையில் கோணலாக இருக்கும். என் முதல் முப்பது சிப்புகள் அப்படிப் போனவைதான். சரியான இடம் வந்ததும் நடுவில் அழுத்தி, வெளிப்பக்கமாகத் துணியால் நீவினால் கொப்புளம் வராது. கை பழகியதும் ஒரு முகத்துக்கு இருபத்தைந்து வினாடி ஆனது. ரூம் ஹீட்டர் பக்கத்தில் இரண்டு மாலைகள், கிட்டத்தட்ட 600 முகங்கள். இருபது இருபதாக அடுக்கி, ரப்பர் பட்டை போட்டு மூன்று நாள் தொடாமல் வைத்தேன். பசை முழுப் பிடிப்புக்கு வர அவ்வளவு ஆகும்.

பணத்துக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. மாதிரிச் சிப்பையும் கோணல் சிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, 25 மில்லிமீட்டர் என்று நான் எழுதிய செய்தியோடு கடைக்கு அனுப்பினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப்போவதாகவும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் ஒட்டுக்கூலி 1,200 திரும்பி வந்தது. கூடவே, “வாடிக்கையாளர்தான் எங்கள் தெய்வம்” என்று கைகூப்பும் படம் ஒன்று.

அச்சுக்கூலி 3,600க்குப் பதில் இல்லை. புகாரைக் கொடுத்து எண் வாங்கிவிட்டேன். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, நான் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மாதிரிச் சிப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவர் செட்டில் ஒன்று குறைகிறதாம்.