சுட்டி டிவியின் பொற்காலம் எது: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்புரை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடும் நாட்களில், சாப்பிட்டு இலை எடுத்த பிறகு தொடங்கி மாலைக் காப்பி வரும்வரை நீளும் வாதம் ஒன்று உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கார்ட்டூன் சேனல்களின் பொற்காலம் எது என்பதே அது. 1988இல் பிறந்த என் அண்ணன், கட்டம் போட்ட கறுப்பு வெள்ளை முத்திரையோடு வந்த பழைய கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டார். 2009இல் பிறந்த சின்னம்மா மகனோ, சோட்டா பீமும் மோட்டு பட்லுவும் வந்த பிறகுதான் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு நம் நாட்டுக் கதை கிடைத்தது என்று உறுதியாகச் சொல்வான். இவ்விருவருக்கும் நடுவில் 1999இல் பிறந்தவள் நான். 2007இல் சுட்டி டிவி தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. அந்தச் சேனலின் முதல் ஐந்தாறு ஆண்டுகளையே பொற்காலம் என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணத்தைப் பேச்சில் முழுமையாகச் சொல்ல முடிந்ததில்லை என்பதால், ஒரு சேவையை எடைபோடும் முறையிலேயே இங்கே எழுத முற்படுகிறேன்.

ஒரு சேனலின் காலங்களை ரசிகர்கள் பெரும்பாலும் கண்ணால்தான் பிரிக்கிறார்கள். முத்திரை மாறியது, நிறம் மாறியது, கையால் வரைந்த படம் போய்க் கணினிப் படம் வந்தது என்பவையே அவர்கள் காட்டும் எல்லைக்கற்கள். எங்களைப் போன்ற ஊர்களில் இந்த எல்லைகளைக் காதால் பிரிப்பதே சரி என்பது என் கருத்து. திரையில் இருக்கும் பாத்திரம் எந்த மொழியில் பேசியது, அந்த மொழி வீட்டுத் திண்ணைக்கு எவ்வளவு அருகில் இருந்தது, அந்தப் பேச்சு எத்தனை வீடுகளைச் சென்றடைந்தது என்பவற்றை வைத்துத்தான் ஒரு காலம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று சொல்ல முடியும்.

முதலில் அண்ணனின் காலத்துக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது 1995 மே 1 அன்று. பகல் முழுவதும் கார்ட்டூன் ஓடிய அதே அலைவரிசையில் இரவானதும் டிஎன்டி என்ற பெயரில் பழைய ஆங்கிலப் படங்கள் ஓடும். அப்போது அதன் பேச்சு முழுவதும் ஆங்கிலம். தமிழ் ஒலி சில ஆண்டுகள் கழித்தே வந்தது. கேபிள் இணைப்புள்ள வீடுகள் எங்கள் தெருவில் எண்ணிச் சொல்லும் அளவுக்கே இருந்த அந்நாட்களில், தமிழ்வழிப் பள்ளி மாணவராக இருந்த அண்ணன் மிகவும் நேசித்தது எது என்று கேட்டால், சற்றும் தயங்காமல் டாம் அண்டு ஜெர்ரி என்பார். பேச்சே தேவைப்படாத படம் அது. ஸ்கூபி டூவை விரும்பிப் பார்த்தாலும், முகமூடியைக் கழற்றிய பிறகு அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தான் என்று விளக்கும் இடம் தனக்கு எப்போதும் புரிந்ததில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். படம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கதையின் முடிச்சு அவிழும் இடத்தில் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்ட காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுட்டி டிவி வந்த நேரத்தையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில். அதே ஆண்டின் சனவரி முதல் நாளில்தான் போகோ என்ற பிள்ளைகள் சேனல் தொடங்கியிருந்தது. 2006 செப்டம்பரில் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வழங்கப்படத் தொடங்கி, ஊத்தங்கரை, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் அதுவரை பெட்டியே இல்லாத வீடுகளுக்கும் அடுத்த சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தன. பெட்டி புதிதாக நுழைந்த வீட்டில், நாள் முழுவதும் தமிழிலேயே பேசும் பிள்ளைகள் சேனல் ஒன்றும் ஏறக்குறைய அதே சமயத்தில் நுழைந்தது. அதற்கு முன் வந்த சேனல்களில் தமிழ் ஓர் ஒலித்தடமாக இருந்தது. இங்கே சேனலே தமிழில் இருந்தது. நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் அறிவிப்பும் வாழ்த்தும்கூடத் தமிழில்தான் வரும் என்பது, ரிமோட்டில் மொழி மாற்றத் தெரியாத எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வரவேற்பு என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

டோராவைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சேனலை மதிப்பிட முடியாது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நிக்கலோடியன் சேனலில் தொடங்கிய அந்தத் தொடரின் மூலத்தில், ஆங்கிலம் பேசும் டோரா நடுநடுவே ஸ்பானியச் சொற்களைக் கற்றுத்தருவாள். தமிழுக்கு வந்தபோது அவள் தமிழ் பேசி ஆங்கிலச் சொற்களைக் கற்றுத்தந்தாள். பூட்ஸ் என்ற குரங்கு புஜ்ஜி ஆனது. ஸ்வைப்பர் என்ற நரி வெறும் குள்ளநரி ஆனது. இந்த இரண்டாவது மாற்றத்தைச் செய்தவர் மிகவும் யோசித்தே செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூலத்தில் அந்த நரியின் பெயரும் அது செய்யும் திருட்டும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. அந்தச் சொல் விளையாட்டு தமிழில் நிற்காது. அதை விட்டுவிட்டு, பாட்டி கதைகளில் காலங்காலமாகத் தந்திரம் செய்து வரும் குள்ளநரியின் பெயரையே அதற்குச் சூட்டியதால், புதிதாக அறிமுகம் செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. காக்கையிடம் வடையைப் பறித்த நரி, வேறொரு காட்டில் முகமூடி அணிந்து வந்திருக்கிறது என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

‘குள்ளநரி திருடக்கூடாது’ என்று மூன்று முறை சொல்லும் அந்த வாசகத்தையும் கவனிக்க வேண்டும். ‘திருடாதே’ என்று எழுதியிருந்தால் அது எதிரில் நிற்கும் ஒருவனை அதட்டுவதாக இருந்திருக்கும். ‘கூடாது’ என்பதோ எல்லோருக்கும் பொதுவான முறையை எடுத்துச் சொல்லும் சொல். வீட்டுப் பெரியவர்களும் முதல் வகுப்பு ஆசிரியைகளும் நிதானமாகப் பயன்படுத்தும் சொல். ஐந்து வயதுப் பிள்ளைகள் அந்த ஒரு தடவை பெரியவர்களின் இடத்தில் நின்று, ஒரு திருடனிடம் நியாயம் பேசினார்கள். பள்ளி மதிய உணவு வேளையில் அடுத்தவர் தட்டிலிருந்து முட்டையை எடுக்க வந்தவனை நோக்கி நாங்கள் கூட்டமாகச் சொன்ன வாசகமும் இதுவே.

டோரா கேள்வி கேட்டுவிட்டு நம்மைப் பார்த்துக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகள் வேடிக்கைக்காக வைக்கப்பட்டவை அல்ல. அதே நிக்கலோடியனில் 1996இல் தொடங்கிய புளூஸ் குளூஸ் தொடரில், பிள்ளைகள் பதில் சொல்வதற்காகப் பேச்சை நிறுத்தும் இந்த முறை ஏற்கெனவே கையாளப்பட்டது. ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாட்கள் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளை சற்றுக் கூடுதலாகப் பதில் சொல்லும் என்பது அதன் பின்னால் இருந்த கணக்கு. ஆகவே, சுட்டி டிவியில் போட்ட பகுதியையே திரும்பப் போடுகிறார்கள் என்று சின்னம்மா மகன் குறை கூறும்போது, டோராவைப் பொறுத்தவரை அந்தக் குறை பொருந்தாது என்பதே என் விடை. அதே சேனலில் வந்த ஜாக்கி சான் கார்ட்டூன் தொடரைப் பொறுத்தவரை அவன் சொல்வதில் நியாயம் உண்டு. சாகசக் கதையின் முடிவு தெரிந்த பிறகு பத்தாம் முறை பார்ப்பது வேறு விதமான பொறுமையைக் கேட்கிறது.

அந்த நிறுத்தத்தின் பயனை என் வீட்டில் நேராகவே கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. எதிர்வீட்டில் உருது, அடுத்த தெருவில் கன்னடம், பள்ளியிலும் கடைத்தெருவிலும் தமிழ் என்பது எங்கள் ஊரில் புதுமை அல்ல. என் பாட்டியான அவ்வாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் பேச வராது. நான் டோரா பார்க்கும்போது அவரும் பக்கத்தில் அமர்ந்து அவரைக்காய் உரிப்பார். குள்ளநரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று டோரா கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். நான் ‘பின்னாடி’ என்று கத்துவேன். அவ்வா தலையை நிமிர்த்தாமலே ‘வெனக’ என்பார். இருவருக்கும் சேர்த்து டோரா நன்றி சொல்வாள். 2009இல் சுட்டி டிவியை நடத்தும் சன் குழுமம் தெலுங்கில் குஷி டிவியையும் கன்னடத்தில் சிண்டு டிவியையும் தொடங்கியபோது, ஓசூர், பாகலூர்ப் பக்கத்து உறவினர் வீடுகளில் பிள்ளைகள் அவற்றையும் பார்த்தார்கள். ஆனால் விடுமுறையில் எல்லோரும் ஒன்றுகூடி விளையாடும்போது பேசிய மொழி, சுட்டி டிவியின் தமிழாகவே இருந்தது என்பதை நான் பெருமையோடு நினைவுகூர்கிறேன்.

ஜாக்கி சான் தொடர் இன்னொரு வகையில் எங்களைப் பிடித்தது. 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் வெளியாகி, 95 பகுதிகளோடு முடிந்த அத்தொடரில், சீன ஆண்டு விலங்குகள் பன்னிரண்டின் உருவம் பொறித்த பன்னிரண்டு மந்திரக்கற்கள் வரும். எருதுக்கு வலிமை, முயலுக்கு வேகம், பாம்புக்கு மறைந்துபோகும் ஆற்றல், சேவலுக்கு மிதக்க வைக்கும் ஆற்றல் என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தன்மை இருந்தது. கே.ஆர்.பி. அணைக்குச் சுற்றுலா போன நாளில் தென்பெண்ணைக் கரையிலிருந்து வழவழப்பான கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து, அவற்றில் பேனாவால் விலங்குகளை வரைந்து, தெருவுக்கே பங்கிட்டுக் கொடுத்தவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன்தான். இத்தனைக்கும் அது தன் காலத்துப் படம் அல்ல என்று இன்றும் வாதிடுகிறார்.

இனி, இந்தச் சேவையில் நான் காணும் குறைகள். நாள் முழுவதும் தமிழ் பேசிய சேனலில் தமிழ் நிலம் மிகக் குறைவாகவே தெரிந்தது. குரல் எங்களுடையது, மலையும் ஆறும் வேறு யாருடையதோ. மாந்தோப்பில் அணில் கடித்த பழத்துக்குச் சண்டை போடும் பிள்ளைகளை, மலைக்கோட்டைக்கு ஏறும் பாதையை, வாரச்சந்தையை வரைந்து காட்டும் தொடர்கள் இந்தக் காலத்திலேயே பெருகியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். குரல் கொடுத்தவர்கள், தமிழில் எழுதியவர்கள் ஆகியோரின் பெயர்களைத் திரையில் பார்த்த நினைவும் எங்கள் மூவரில் ஒருவருக்கும் இல்லை. ஒரு தலைமுறையின் பேச்சில் வாசகங்களை விதைத்தவர்களுக்கு அந்த இரண்டு வரி இடம் கிடைத்திருக்க வேண்டும்.

சோட்டா பீமை முன்னிறுத்தும் சின்னம்மா மகனுக்கு என் மறுமொழி இந்தக் குறையிலிருந்தே தொடங்குகிறது. ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் உருவாக்கி 2008இல் போகோவில் வந்த அத்தொடர், வேட்டி கட்டிய சிறுவனையும் இலட்டுக் கடையையும் திரைக்குக் கொண்டுவந்தது பெரிய செயல்தான். எனினும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், நகைச்சுவையின் ஏற்ற இறக்கமும் விளிக்கும் முறையும் இந்தியிலிருந்து வந்தவை என்பது என் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் பிறந்த டோரா எங்கள் தெருப் பிள்ளையாகப் பேச, இந்தியாவில் பிறந்த பீம் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியாகப் பேசினான் என்பதே என் தீர்ப்பு. அவன் இதை ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை.

அதன் பிறகான காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தபோது பெருகிய பார்வையாளர்களை, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறை வேறொரு நிலைக்குக் கொண்டுசென்றது. அடிப்படைக் கட்டணமாக 130 ரூபாயும் வரியும் செலுத்திவிட்டு, கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகவோ தொகுப்பாகவோ தேர்ந்தெடுக்க வேண்டும் என்றானபோது, பல வீடுகளில் பட்டியலிலிருந்து முதலில் நீக்கப்பட்டவை பிள்ளைகளின் சேனல்களே. கைப்பேசி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. கூடத்தில் எல்லோருக்கும் கேட்ட குரல் ஒருவர் காதுக்குள் அடங்கியதை ஒரு காலத்தின் முடிவாகவே நான் கொள்கிறேன்.

பிள்ளைகள் சேனல் ஒன்றுக்குப் பணம் கட்டலாமா என்று என்னைக் கேட்கும் உறவினர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நான்கு வயது முதல் ஏழு வயதுவரையான பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டலாம், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு அவசியம் இல்லை. எந்தச் சேனல் என்பதை முடிவு செய்யும் முன், மொழியைத் தமிழில் வைத்து, பத்து நிமிடம் திரையைப் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை திரையை நோக்கி ஒரு முறையாவது பதில் சொன்னால் அந்தச் சேனலை வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் அண்ணனின் ஐந்து வயது மகளுக்குப் பழைய டோரா பகுதி ஒன்றைக் கூடத்துப் பெட்டியில் போட்டுக் காட்டினேன். மூன்றாவது கேள்விக்கு அவளை முந்திக்கொண்டு பதில் சொன்னவர் என் அண்ணன்.