எல்டிஸ்பைஸ்ல கிரிஸ்டல் ஆசிலேட்டர்: ரொம்ப நாளா ஓட்டிப் பாத்த அனுபவம்

கிரிஸ்டல் ஆசிலேட்டர் (குவார்ட்ஸ் கிரிஸ்டலை வச்சு நிலையான அலை உண்டாக்குற சர்க்யூட்) சிமுலேட் பண்ண எல்டிஸ்பைஸ்ங்கற சர்க்யூட் சிமுலேட்டர் சரிப்பட்டு வருமான்னு கேட்டா, தாராளமா வரும், ஆனா துல்லியமான ஃப்ரீக்வென்சிய மட்டும் ட்ரான்சியன்ட்ல, அதாவது நேரத்தை சின்னச் சின்ன ஸ்டெப்பா நகர்த்திப் பாக்குற சிமுலேஷன்ல, தேடாதீங்க. 10 மெகாஹெர்ட்ஸுக்கு 2 நானோசெகண்ட் ஸ்டெப் வச்சா சைக்கிளுக்கு 50 புள்ளி, சைன் வேவ் பாக்க அவ்ளோ அழகா இருக்கும், ஆனா ஒவ்வொரு ஸ்டெப்பையும் கணக்குப் போடுற ட்ரெபசாய்டல் முறையோட இயல்பே ஃப்ரீக்வென்சிய கீழ இழுக்குறதுதான், இந்த ஸ்டெப்ல அது கிட்டத்தட்ட 1,300 பிபிஎம் (பத்து லட்சத்துல 1,300 பங்கு). கிரிஸ்டலோட டாலரன்ஸே 20 பிபிஎம்தான்! ஸ்டெப்பை பத்துல ஒண்ணாக்கினா பிழை நூறுல ஒண்ணாகும், ஓடுற நேரம் பத்து மடங்காகும்.

அதனால ஃப்ரீக்வென்சிக்கு ஏசி அனாலிசிஸ்தான், அது ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியா மாத்தி சர்க்யூட் என்ன பண்ணுதுன்னு பாக்குறது, அதுல டைம் ஸ்டெப்ங்கற பேச்சே இல்ல. க்யூ (ரெசனன்ஸ் எவ்ளோ கூர்மைங்கற அளவு) 40,000 இருந்தா பீக்கோட அகலமே 250 ஹெர்ட்ஸ்தான், டெக்கேட் ஸ்வீப் அதை அப்படியே தாண்டிப் போயிடும், லீனியர் ஸ்வீப்ல 10 ஹெர்ட்ஸ் இடைவெளி வைங்க.

கிரிஸ்டல் மாடல்ல தசமப் புள்ளிக்குப் பின்னாடி கஞ்சத்தனம் வேண்டாம். கிரிஸ்டலோட அதிர்வை ஒரு இண்டக்டர், கெபாசிடர், ரெசிஸ்டர் வரிசையா காட்டுறோம், அதுதான் மோஷனல் பகுதி. மோஷனல் கெபாசிடன்ஸ் 0.02 பிகோஃபேரட்னா 10 மெகாஹெர்ட்ஸ் சீரிஸ் ரெசனன்ஸுக்கு இண்டக்டன்ஸ் 12.665148 மில்லிஹென்றி, இதை 12.7ன்னு போட்டா ஃப்ரீக்வென்சி 13 கிலோஹெர்ட்ஸுக்கும் அதிகமா குறைஞ்சிடும். நான் நம்பரே எழுதுறதில்ல, பார்முலாவா கொடுத்துடுவேன். இன்னொண்ணு, கிரிஸ்டல் மேல அச்சடிச்ச ஃப்ரீக்வென்சி பெரும்பாலும் லோட் கெபாசிடன்ஸோட (வெளிய சர்க்யூட் கொடுக்குற கெபாசிடன்ஸ்) சேத்து சொல்றது. ஷன்ட் (கிரிஸ்டலோட ரெண்டு முனைக்கும் குறுக்க இருக்குற கெபாசிடன்ஸ்) 5, லோட் 18 பிகோஃபேரட்னா சீரிஸ் ரெசனன்ஸ் அதுக்கு 435 பிபிஎம் கீழ இருக்கும், இண்டக்டன்ஸை அதுக்குத் தக்க கணக்கு பண்ணணும்.

ட்ரான்சியன்ட் உருப்படியா உதவுறது ஸ்டார்ட்அப்புக்கும் டிரைவ் லெவலுக்கும் (கிரிஸ்டல்ல செலவாகுற பவர்). சிமுலேஷன்ல ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்க நாய்ஸ் கிடையாது, அதனால ஒரு தட்டு தட்டிவிடணும், சப்ளைய ஸ்டெப்பா ஏத்தினாலே போதும். டிரைவ் லெவல் மட்டும் பாக்கணும்னா அலை மெதுவா வளர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், 20 ஓம் கிரிஸ்டல்ல 100 மைக்ரோவாட்னா பீக் கரண்ட் 3.16 மில்லிஆம்ப், மோஷனல் இண்டக்டருக்கு ஆரம்ப கரண்டா அதையே கொடுத்துட்டா சீக்கிரம் செட்டில் ஆயிடும். இதுக்காகவே கிரிஸ்டலை எல், சி, ஆர்னு தனித்தனியா வரைஞ்சுக்குவேன். ட்ரெபசாய்டலுக்கு பதிலா இருக்குற கியர் மெத்தட் பக்கம் போகவே போகாதீங்க, அது தானாவே அலைய அமுக்கிடும், நல்லா ஓடுற சர்க்யூட்டும் செத்த மாதிரி தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட், கிரிஸ்டல்ல ஆகுற இழப்பை ஈடுகட்ட சர்க்யூட்டுக்கு பலம் இருக்கான்னு பாக்குறது. கிரிஸ்டலை எடுத்துட்டு அந்த இடத்துல 1 ஆம்ப் ஏசி கரண்ட் சோர்ஸ், ஷன்ட் கெபாசிடன்ஸ் மட்டும் அங்கயே இருக்கட்டும், வோல்டேஜோட ரியல் பார்ட்தான் ரெசிஸ்டன்ஸ். மைனஸ்ல வரணும், அளவுல கிரிஸ்டலோட ஈஎஸ்ஆரை (உள் ரெசிஸ்டன்ஸ்) போல 5 மடங்காவது இருக்கணும். கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிடும், டெம்பரேச்சர், சப்ளை எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பாக்கலாம். ஆனா ஆம்ப்ளிஃபையர் மாடல் நிஜமா இருக்கணும். ரெடிமேடா வர்ற லாஜிக் இன்வர்ட்டர் சிம்பல் இதுக்கு உதவாது, அன்பஃபர்டு இன்வர்ட்டரோட ட்ரான்சிஸ்டர் லெவல் மாடல் வேணும். மைக்ரோகண்ட்ரோலர்னா டேட்டாஷீட்ல இருக்குற ஜிஎம் (இன்புட் வோல்டேஜுக்கு எவ்ளோ கரண்ட் வருதுங்கற அளவு) மதிப்பை வச்சு ஒரு வோல்டேஜ் கண்ட்ரோல்டு கரண்ட் சோர்ஸ் போடுங்க, டிபிக்கல் மதிப்பை விட்டுட்டு மினிமம் மதிப்பை எடுங்க, ரெண்டு பின்னுலயும் போர்டோட ஸ்ட்ரே கெபாசிடன்ஸையும் சேத்துக்குங்க.