நரம்பு மண்டல மாதிரிகள், 4 உருப்படி: கரப்பானுக்காக வாங்கலாம், மண்புழுவைத் திருப்பி மாட்டிக்கொள்ளுங்கள்

பிளஸ் ஒன் விலங்கியல் வகுப்புக்காக இணையத்தில் தேடி வாங்கிய செட் இது. ஹைட்ரா (நன்னீரில் வாழும் குட்டிப் பிராணி), மண்புழு, கரப்பான், தவளை என நான்கு பிளாஸ்டிக் மாதிரிகள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பலகையில். தபால் செலவோடு 3,400 ரூபாய், என் கைக்காசு. விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அச்சில் வார்த்த பொம்மைகள் வேறு பெயர்களிலும் கிடைப்பதைப் பார்த்தேன்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் இதற்கெல்லாம் தேவையே இருக்கவில்லை. கரப்பானை மெழுகுத் தட்டில் குண்டூசியால் குத்தி, முதுகு ஓடுகளைக் கத்தரித்து எடுத்து, குடலை ஒதுக்கி, வெள்ளை வெள்ளையாக இருக்கும் கொழுப்பை பிரஷ்ஷால் தள்ளினால் கடைசியில்தான் நரம்பு தெரியும். தையல் நூலைவிட மெல்லிசு. அதற்கடியில் கறுப்புத் தாளைச் சின்னதாக வெட்டிச் செருகுவோம். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் கண்ணில் பட வேண்டுமே! 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளிலேயே அறுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் படத்தை மட்டும் பார்க்கும் பிள்ளைகளுக்கு எது மேலே, எது கீழே என்பது மனதில் நிற்பதில்லை. அதற்காகத்தான் வாங்கினேன்.

கரப்பானை முதலில் சொல்லிவிடுகிறேன், செட்டிலேயே உருப்படியானது அதுதான். நரம்புத் திரள்கள் ஒவ்வொன்றும் காந்தம் வைத்த மஞ்சள் மணி, கழற்றி மாட்டலாம். தலையில் இரண்டு, மார்பில் மூன்று, வயிற்றில் ஆறு. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. மார்பு மணிகள் ஒவ்வொன்றிலிருந்தும் அந்தந்தக் கண்டத்துக் (உடல் வளையத்துக்) கால்களுக்குக் கிளை போகிறது. வகுப்பில் ஒரு மாணவியைக் கூப்பிட்டுத் தலையைக் கழற்றச் சொன்னேன். தலையோடு இரண்டு மணிகளும் வந்துவிட்டன. “மிச்சம் எத்தனைம்மா?” “ஒன்பது மிஸ்.” “அப்போ கால் ஆடுமா?” கொஞ்சம் யோசித்தாள். “அதுக்குத்தான் மார்பிலேயே ஆள் இருக்கே மிஸ்.” தலை போன கரப்பான் ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும் என்பதை மனப்பாடம் செய்தவர்களுக்கு அன்றுதான் காரணம் பிடிபட்டது. மூச்சு விடுவதும் பக்கவாட்டுத் துளைகள் வழியாக, அதற்கும் மூக்கு தேவையில்லை. இந்த ஒரு பலகைக்கே ஆயிரம் ரூபாய் தரலாம்.

மண்புழுவில்தான் கோபம் வந்தது. நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் லாம்பிட்டோ மாரிட்டி என்ற இனம்தான், பெயரெல்லாம் ஒழுங்காக அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றாவது கண்டத்தில் தொண்டைக்கு மேலே மூளை, அங்கிருந்து இரண்டு பக்கமும் மாலை போட்டதுபோல் இறங்கி, நான்காவது கண்டத்தில் தொண்டைக்கு அடியில் சேர்ந்து, அப்புறம் வயிற்றுப்பக்கமாகவே வால் வரை ஓட வேண்டும். பொம்மையும் அப்படித்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பலகையில் அதை மல்லாக்க மாட்டிவிட்டார்கள்! நரம்பு வடம் மேலே, முதுகு ரத்தக்குழாய் கீழே. பக்கத்தில் தவளைப் பலகையை வைத்தால் அதிலும் தண்டுவடம் மேலே. இரண்டையும் பார்த்த ஒரு பையன் நோட்டில் “இரண்டுக்கும் முதுகுப்புறம்” என்று எழுதிவிட்டான். அவன்மேல் என்ன தப்பு? முதுகெலும்புள்ளவற்றுக்கு மேலே, மண்புழுவுக்கும் பூச்சிக்கும் கீழே என்பதுதானே பாடமே.

தவளை பரவாயில்லை. மூளை நரம்புகள் பத்து ஜோடி இருக்கின்றன. மனிதனுக்குப் பன்னிரண்டு என்பதால் சில மலிவு மாதிரிகளில் இதற்கும் பன்னிரண்டு போட்டுவிடுவார்கள். இதில் அந்தத் தவறு இல்லை. பெயிண்ட் மட்டும் விரலில் ஒட்டுகிறது.

ஹைட்ரா விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு முழுக்க வலைபோல நரம்புச் செல்கள் பரவியிருப்பதை நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். ஆனால் வாய்க்குக் கீழே கடலை அளவுக்குச் சிவப்பாக ஒரு குமிழ்! வாயைச் சுற்றி வலை கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், உண்மைதான். அதற்காக மூளையா வைப்பார்கள்? மூளை இல்லாமலே இரையைப் பிடித்து, வாய்க்குள் தள்ளி, குட்டிக்கரணம் அடித்து நகரும் பிராணி என்று காட்டத்தானே அதை வாங்குகிறோம்.

கடைக்காரருக்குப் புகைப்படத்தோடு எழுதினேன். வேறு மண்புழு அனுப்பினார்கள், அதுவும் மல்லாக்கத்தான். மூன்றாவது முறை கேட்க மனசில்லை.

அடுத்த பதிப்பில் நட்சத்திர மீனைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்: வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், கைக்கு ஒன்றாகக் கிளை. ஆக்டோபஸ் கை ஒன்றும் ஆசைதான். அதன் நரம்புச் செல்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது என்று சொன்னால் பின்பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

தனித்தனியாகக் கொடுத்தால் கரப்பானும் தவளையும் மட்டும் வாங்குங்கள். செட்டாகத்தான் வரும் என்றால் ஒரு திருப்புளி தயாராக இருக்கட்டும். மண்புழுவுக்குப் பின்னால் நாலு திருகு, பத்து நிமிட வேலை. திருப்பிய பிறகு பெயர்ச்சீட்டுகள் தலைகீழாகிவிடும், மேலே தாள் ஒட்டிக்கொள்ளலாம். ஹைட்ராவின் குமிழை நான் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பாதி போயிருக்கிறது.