கார்ஸ்: அக்கா ஓட்டி, இப்போது தம்பி ஓட்டும் கணினி விளையாட்டு

சினிமாவை வைத்து வரும் கணினி விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரு கோடை விடுமுறையைத் தாண்டுவதில்லை. படம் ஓடும்வரை பிள்ளைகள் விழுந்து விழுந்து ஆடுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது ‘கார்ஸ்’. பெண் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது குறுந்தகடாக வாங்கினோம். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பையன் அதன் நாயகனான அதே சிவப்பு ரேஸ் கார் மெக்வீனை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

2006 ஜூனில், பேசும் கார்களை வைத்துப் பிக்சார் எடுத்த ‘கார்ஸ்’ அனிமேஷன் படம் வந்த அதே மாதம் வந்த விளையாட்டு இது. உருவாக்கியது ரெயின்போ ஸ்டுடியோஸ், வெளியிட்டது டிஎச்கியூ. ரெயின்போ அதற்கு முன்பே மோட்டோகிராஸ் பைக் விளையாட்டுகளில் பேர் வாங்கிய நிறுவனம். மண் ரோட்டில் வண்டி எப்படி வழுக்கும், மேட்டில் ஏறினால் எப்படி எகிறும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த விஷயம். அது ஓட்டும்போதே தெரிகிறது. குழந்தைகள் விளையாட்டுதானே என்று ஏனோதானோவென்று செய்யவில்லை.

இத்தனை வருடம் இது எங்கள் வீட்டில் நின்றதற்குக் காரணம், தோற்றாலும் போக ஓர் இடம் இருப்பதுதான். பல ரேஸ் விளையாட்டுகளில் தோற்றால் மறுபடி அதே ரேஸ், இல்லையென்றால் கணினியை அணைக்க வேண்டும். இதில் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரே திறந்து கிடக்கிறது. ஃப்ளோவின் கடைப் பக்கம் போகலாம், ரமோனிடம் பெயின்ட் மாற்றலாம், ஊரைத் தாண்டி ஆர்னமென்ட் பள்ளத்தாக்குவரை சும்மா ஓட்டிக்கொண்டே போகலாம். பையனுக்கு ஐந்து வயது இருக்கும்போது ரேஸ் பக்கமே போகமாட்டான். ஊரைச் சுற்றுவான், பாறைகளுக்கு நடுவே புகுந்து வருவான். “நைனா, இது ரத்தினகிரி மலை மாதிரியே இருக்கு பாரு” என்று கூப்பிட்டுக் காட்டுவான். அப்படிச் சுற்றிச் சுற்றியே வண்டி அவன் கைக்குப் படிந்தது. ரேஸ் ஜெயிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்த ஊரின் கதையும் எங்களுக்குத் தூரமானதில்லை. படத்தில் ரூட் 66 சாலையை நம்பிப் பிழைத்த ஊர் அது. இன்டர்ஸ்டேட் 40 என்ற புது நெடுஞ்சாலை வந்ததும் வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை, கடைகள் மூடிக்கொண்டன. நிஜ ரூட் 66-ஐயும் 1985-ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி. ராத்திரியெல்லாம் லாரிச் சத்தம் கேட்கும். ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போகும் பஸ்களைப் பற்றி ஆற்காட்டுச் சொந்தக்காரர்கள் புலம்பாத நாளில்லை. பெண்ணுக்கு அந்தக் கதையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவே இல்லை. “ஆற்காடு பைபாஸ் மாதிரிதானே?” என்று அவளே கேட்டுவிட்டாள்.

சரி, ஓட்டும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டின் உயிர் மண் ரோட்டு வளைவுகளில் இருக்கிறது. டாக் ஹட்சன் என்ற பழைய ரேஸ் கார் சொல்லித்தரும் சறுக்கல் பாடத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும். முதலில் குழந்தைகள் ஆக்ஸிலரேட்டரை விடவே மாட்டார்கள். வண்டி நேராகப் போய்ப் பாறையில் முட்டும். வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சறுக்கலைத் தொடங்கி, பின்சக்கரம் வெளியே தள்ளும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்பி, மூக்கு நேரானதும் விட்டுவிட வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக வரப் பையனுக்கு நாளானது. வந்த அன்று அவன் யாரையும் கூப்பிடவில்லை. அதே வளைவுக்குத் திரும்பிப் போய், திரும்பத் திரும்ப அதையே எடுத்துக்கொண்டிருந்தான். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்கின் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் பேசிய பால் நியூமனே விளையாட்டிலும் பேசியிருக்கிறார். அவர் நிஜத்திலும் ரேஸ் ஓட்டியவர். 1979 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் இருந்த அணி இரண்டாவதாக வந்தது. 2008-ல் காலமாகிவிட்டார். கற்றுக்கொடுக்கும் அந்தக் குரலில் இருக்கும் நிதானம் குழந்தைகளுக்கும் எட்டுகிறது. எங்கள் வீட்டில் அவர் ‘டாக் தாத்தா’தான்.

வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது ராத்திரி டிராக்டர் கவிழ்க்கும் ஆட்டம். இழுவை வண்டி மேட்டரை ஓட்டிக்கொண்டு, தூங்கும் டிராக்டர்களிடம் மெல்லப் போய் ஹாரன் அடித்தால் அவை மல்லாந்து விழும். ஃபிராங்க் என்ற அறுவடை இயந்திரத்தின் கண்ணில் மட்டும் படக்கூடாது. என் அம்மா கணினியைத் தொட்டதே இல்லை. இந்த ஆட்டம் வந்தால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “டேய், பின்னால வர்றாண்டா” என்று கத்துவார். ஊரின் போலீஸ் காரான ஷெரிஃபாக மாறி வேகமாகப் போகிறவர்களைத் துரத்திப் பிடிப்பதும் நன்றாக இருக்கும். பெட்ரோல் கேன் பொறுக்கும் ஆட்டம் சீக்கிரம் சலித்துவிட்டது.

எனக்குக் குறை என்று படுவது, படத்தில் வரும் பெரிய கோப்பைப் பந்தயமான பிஸ்டன் கப் ரேஸ்கள். வட்டமான தார் டிராக்கில் சுற்று சுற்றாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாதியிலேயே பொறுமை போய்விடும். நடுவில் பிட் ஸ்டாப்பில் திரையில் காட்டும் பட்டன்களைச் சட்டென்று அழுத்தி டயர் மாற்றும் இடம் மட்டும் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். 2012 மின்வெட்டுக் காலத்தில் இந்த ரேஸ்களைப் பெண் வெறுத்தே போனாள். கடைசிச் சுற்றில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான். அதனால் பெரிய ரேஸ்களையெல்லாம் கரண்ட் வந்தவுடன் தொடங்குவது எங்கள் வீட்டு வழக்கமானது.

இன்னொரு தடை மொழி. பேச்சு முழுக்க ஆங்கிலம், அதுவும் அமெரிக்கத் தெற்கத்தி இழுவை. முதல் சில வாரம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொல்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அதை நான் சுமையாக நினைக்கவில்லை. குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம் என்று வாங்குகிறவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

கீபோர்டில் ஓட்டுவதைவிட, இரண்டு கையாலும் பிடித்து ஆடும் கேம்பேட் ரொம்பவே மேல். கீபோர்டில் திருப்பினால் முழுசாகத் திரும்பும், விட்டால் நேராகிவிடும். சறுக்கலில் தேவைப்படும் அந்த லேசான திருப்பல் வராது. ஆற்காடு ரோட்டில் ஒரு கடையில் வாங்கிய சாதாரண யுஎஸ்பி கேம்பேடே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

குறுந்தகடு கீறல் விழுந்துபோனது. புது லேப்டாப்பில் அதைப் போட இடமும் இல்லை. வெளியிட்ட டிஎச்கியூ 2012 கடைசியில் திவாலானது. ஆனாலும் விளையாட்டு ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது, இரண்டாவது முறை அங்கேதான் வாங்கினோம். ஸ்டீமில் தள்ளுபடி அடிக்கடி வரும், காத்திருந்து வாங்குங்கள். பழைய விளையாட்டு என்பதால் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடுகிறது, தனி கிராபிக்ஸ் கார்டு எதுவும் தேவைப்படவில்லை.

அதே தொடரில் அவலாஞ்ச் சாஃப்ட்வேர் 2011-ல் செய்த ‘கார்ஸ் 2’ விளையாட்டும் இருக்கிறது. பளபளப்பு அதிகம், ஆனால் அதில் கார்கள் ஏவுகணையும் துப்பாக்கியுமாகச் சுட்டுக்கொள்ளும். பத்து வயதுப் பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள், கொடுக்கலாம். ஐந்தாறு வயதுக் குழந்தை என்றால் முதலில் இந்தப் பழையதைப் போட்டு, ரேஸ் எதையும் தொடங்காமல் ஊரைச் சுற்ற விடுங்கள்.