ஜிம்மி நார்டெல்லோ: காரம் இல்லாத மிளகாய் விதை

பார்த்தால் ஒல்லியாக, சுருக்கம் விழுந்த சிவப்பு மிளகாய். காரம் உச்சிக்கு ஏறும் என்று பயந்து கடித்தால் இனிக்கிறது. விருந்தாளிகளுக்குக் கொடுத்துப் பாருங்கள், ஒருவரும் நம்பமாட்டார்கள்.

1887-இல் இத்தாலியின் ருவோட்டி ஊரிலிருந்து அமெரிக்காவின் கனெக்டிகட்டுக்குக் குடியேறிய நார்டெல்லோ குடும்பம் கொண்டுபோன விதை இது. மகன் ஜிம்மி 1983-இல், பழைய ரக விதைகளைக் காத்துப் பகிரும் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் அமைப்புக்குக் கொடுத்ததால் எல்லோருக்கும் கிடைக்கிறது.

முளைப்பில் குறையே இல்லை; மண் வெதுவெதுப்பாக, 25 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். தொட்டியிலும் நன்றாக வரும். ஆனால் காய் கொத்துக் கொத்தாகப் பிடிப்பதால் குச்சி கட்டியே ஆக வேண்டும். காய் 20 செ.மீ.க்கும் மேல் நீளும். பச்சையாகப் பறித்தால் சப்பென்றுதான் இருக்கும், முழுக்கச் சிவக்க விடுங்கள்.

இதன் அருமை வாணலியில்தான் தெரியும். தோலும் சதையும் மெல்லியவை. முழுக் காயாக எண்ணெயில் போட்டு, ஓரம் கருகி உடம்பு துவளும் வரை வதக்கி, கல்லுப்பு தூவினால் போதும். குடைமிளகாய் மாதிரி தண்ணீர் விட்டுச் சொதசொதக்காது. மசாலா வைத்து அடைக்க மட்டும் லாயக்கில்லை, அவ்வளவு ஒல்லி. காயவைத்து அரைத்தால் நல்ல நிறத்தில் இனிப்பான பொடி கிடைக்கும்.

அப்புறம், விதை எடுக்க நினைப்பவர்கள் காரமிளகாய்ச் செடியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். மகரந்தம் கலந்தாலும் இந்த வருடக் காய் இனிக்கும். அதன் விதையில் வளரும் செடிதான் காரமாகக் காய்க்கும்.